அஞ்சடியும் பலகைக் கதவும்: பழைய கடைவீடுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சின்னப் பட்டணம் ஒன்றில் வளர்ந்தவன் நான். ஊருக்கு வரும் சொந்தக்காரர்களையும் நண்பர்களையும் தைப்பிங், கம்பார், ஈப்போ என்று பழைய தெருக்களில் நடத்திக் கூட்டிப் போவது பல வருடப் பழக்கம். யார் வந்தாலும் ஏறக்குறைய இதே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, தெரிந்த பதிலைக் கீழே வைத்திருக்கிறேன்.

கடைவீடு, கடைவீடு என்கிறீர்கள். அது கடையா, வீடா?

இரண்டும்தான். கீழே வியாபாரம், மேலே குடும்பம். முகப்பு பதினாறு முதல் இருபது அடி அகலம் இருக்கும். உள்ளே போனால் நூறு அடியைத் தாண்டியும் நீளும். இரண்டு பக்கமும் சுவர் உண்டு, ஆனால் அந்தச் சுவர் உங்களுக்கு மட்டும் உரியதல்ல, பக்கத்து வீட்டுக்காரரோடு பொது. இப்படி ஐந்து, பத்து, இருபது வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நின்றால் ஒரு தெரு.

மலாயில் இதை 'ரூமா கெடாய்' என்பார்கள். நாம் சொல்லும் கடைவீடும் அதே பொருள்தான். தென்சீனக் கரையோர ஊர்களிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த வீட்டமைப்பு, இங்குள்ள மழை வெயிலுக்கும் ஆங்கிலேயர் போட்ட தெரு விதிகளுக்கும் ஏற்ப மாறி உருவானது இது. முதலில் பினாங்கு, சிங்கப்பூர், மலாக்கா போன்ற துறைமுக ஊர்களில் வந்தது. ஈயம் தோண்டப் போனவர்களோடு உள்நாட்டுப் பட்டணங்களுக்கும் போனது.

ஏன் இவ்வளவு ஒடுக்கமா கட்டினாங்க? இடமா இல்லை?

இடம் இருந்தது. மரத்துக்குத்தான் எல்லை இருந்தது. மாடித் தரையைத் தாங்கும் உத்தரங்கள் ஒரு பக்கச் சுவரிலிருந்து மறுபக்கச் சுவருக்குக் குறுக்கே கிடக்கும். நடுவில் தூண் இல்லாமல் ஒரே மரம் தாங்கக்கூடிய தூரம்தான் வீட்டின் அகலம். அப்புறம், தெருவைப் பார்த்த ஒவ்வொரு அடியும் வியாபாரத்துக்குப் பொன். அதை நாலு பேர் பங்கிட்டுக்கொண்டு, வேண்டிய இடத்தைப் பின்னால் நீட்டிக்கொண்டார்கள்.

முகப்பு அகலத்துக்கு வரி போட்டதால்தான் ஒடுக்கமாகக் கட்டினார்கள் என்ற கதையை மலாக்காவில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். எல்லா ஊருக்கும் அதைப் பொருத்த வேண்டியதில்லை. உத்தரத்தின் நீளமே போதுமான காரணம்.

அஞ்சடின்னா அஞ்சு அடிதானே? நான் அளந்து பார்த்தேன், ஏழரை அடி இருந்துச்சே?

கடைவீட்டின் மாடி தெருப்பக்கம் முன்னால் நீண்டு தூண்கள் மேல் நிற்கும். அதன் கீழே கிடைக்கும் நடைபாதைதான் அஞ்சடி. மலாயில் 'காக்கி லிமா'. 1822இல் சிங்கப்பூர் நகரத் திட்டத்துக்காக, அங்கே ஆங்கிலேயர் குடியேற்றத்தைத் தொடங்கிய ராஃபிள்ஸ் கொடுத்த கட்டளைகளில் இதன் விதை இருக்கிறது. செங்கல்லும் ஓடும் கொண்டு கட்டும் வீடுகளின் முகப்பு ஒரே மாதிரி இருக்க வேண்டும், ஒவ்வொன்றிலும் தாழ்வாரம் விட வேண்டும், தெருவின் இருபுறமும் அது எந்நேரமும் தொடர்ச்சியான திறந்த வழியாக இருக்க வேண்டும் என்பது உத்தரவு. பிறகு அந்தப் பழக்கம் மலாயா முழுவதும் பரவியது.

'ஐந்து' என்பது பெயரில் ஒட்டிக்கொண்ட எண். ஊருக்கு ஊர், காலத்துக்குக் காலம் அகலம் மாறும், அதனால் உங்கள் அளவு தப்பில்லை. சாயங்கால மழை கொட்டும்போது தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு துளி படாமல் நடந்து பாருங்கள், இது எவ்வளவு பெரிய ஏற்பாடு என்று புரியும்.

அப்போ அஞ்சடி கடைக்காரருக்குச் சொந்தமா, பொதுச் சொத்தா?

நிலம் கடைக்காரருடைய மனைக்குள் வரும். வழி மட்டும் பொதுமக்களுடையது. இந்த இரட்டை நிலைதான் நூற்றைம்பது ஆண்டுச் சண்டைக்குக் காரணம். 1888இல் சிங்கப்பூரில் அஞ்சடிகளில் அடைத்து வைத்த சரக்குகளை நகராட்சி அகற்றப் போனபோது கலவரமே வெடித்தது. இன்று மலேசியாவில் 1974ஆம் ஆண்டின் தெரு, வடிகால், கட்டடச் சட்டம் இதைக் கவனிக்கிறது. வழியை அடைப்பது குற்றம்.

ஆனால் அஞ்சடி வெறும் வழியாக என்றுமே இருந்ததில்லை. பத்திரிகை விற்பவர், பூமாலை கட்டுபவர், காசு மாற்றும் நம் முஸ்லிம் வியாபாரி, கயிற்றுக் கட்டிலில் படுத்துக் காவல் காத்த பஞ்சாபி ஜாகா, எல்லாரும் அங்கேதான் பிழைத்தார்கள். என் கருத்து இதுதான்: இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் கடந்து போக இடம் விட்டுவிட்டு, மீதியில் பிழைப்பு நடக்கட்டும். சுவர் எழுப்பி அடைப்பவர்களைத்தான் என்னால் பொறுக்க முடிவதில்லை. ஒரு வீட்டில் அடைத்தால் அந்த வரிசை முழுக்க நடப்பவர் வெயிலில் இறங்க வேண்டியதுதான்.

எல்லா ஊர்லயும் ஒரே மாதிரி இருக்கே, யாரோ ஒருத்தரே கட்டினாரா?

இல்லை. எல்லா ஊரும் ஒரே மாதிரி எரிந்தது, அதுதான் காரணம். ஈயப் பட்டணங்கள் முதலில் மரமும் அத்தாப்பு என்னும் கூரை ஓலையும் கொண்டு எழுந்தவை. ஒரு குடிசையில் தீப்பிடித்தால் தெருவே போகும். தைப்பிங் 1880இல் எரிந்தது. கோலாலம்பூர் 1881 தொடக்கத்தில் எரிந்து, அதே ஆண்டின் கடைசியில் வெள்ளத்திலும் மூழ்கியது. ஈப்போ 1892இல் எரிந்தது.

கோலாலம்பூரில் 1882இல் சிலாங்கூர் ரெசிடெண்டாக, அதாவது ஆங்கிலேய அரசின் ஆலோசகராக, வந்த ஃபிராங்க் ஸ்வெட்டன்ஹாம், ஊரைச் செங்கல்லும் ஓடுமாகத் திரும்பக் கட்ட வைத்தார். அதற்குச் செங்கல் சுட்ட சூளைகள் இருந்த இடம்தான் பிரிக்ஃபீல்ட்ஸ். இன்று நாம் தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகிறோமே, அதே இடம். தீக்குப் பிறகு தெருக்களை அளந்து நேராகப் போட்டார்கள். பணக்கார முதலாளி ஒருவர் ஒரே நேரத்தில் ஐந்தாறு மனை வாங்கி ஒரே அச்சில் வீடுகளைக் கட்டுவார். அதனால் ஒரு வரிசைக்குள் வீடுகள் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும், அடுத்த வரிசை வேறு முகம் காட்டும்.

உள்ளே போனா நடுவுல வானம் தெரியுதே, கூரை இடிஞ்சு போச்சா?

இடியவில்லை, வேண்டுமென்றே விட்டது. இரண்டு பக்கமும் பொதுச் சுவர் என்று முதலிலேயே சொன்னேன். அதில் ஜன்னல் வைக்க முடியாது. நூறு அடி நீள வீட்டுக்கு வெளிச்சமும் காற்றும் வர வேறு வழி? நடுவில் ஒன்றோ இரண்டோ முற்றம் விட்டார்கள். சூடான காற்று அந்த வழியே மேலேறிப் போக, அஞ்சடிப் பக்கத்திலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும். மழைநீர் முற்றத்துத் தரையில் விழுந்து மூடிய சாக்கடை வழியே வெளியேறும்.

இடம் வேண்டும் என்று முற்றத்துக்கு மேலே பிளாஸ்டிக் தகடு போட்டு மூடுகிறார்கள். மூடிய மறு வருடமே சுவரில் பூஞ்சை, பகலில் விளக்கு. தயவுசெய்து மூடாதீர்கள்.

மாடித் தரையில ஒரு சின்னப் பலகையைத் தூக்கினா கீழே வாசல் தெரியுது. அது எதுக்கு?

பாதுகாப்புக்கு. மாடியின் முன்பகுதி அஞ்சடிக்கு மேலே நிற்கிறது, அதனால் கடை வாசலுக்கு நேர் மேலே தரையில் ஒரு சதுரத் துளை போட்டு, அதற்கொரு மூடி வைத்தார்கள். ராத்திரி யாராவது கதவைத் தட்டினால் மூடியைத் தூக்கி ஆளைப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவார்கள். சிலர் அதன் வழியே கூடையைக் கயிற்றில் இறக்கித் தெருவில் போகும் வியாபாரியிடம் சாமான் வாங்கிக்கொண்டதும் உண்டு.

கம்பாரில் அப்படி ஒரு மூடியைத் தூக்கிப் பார்த்திருக்கிறேன். உள்ளங்கை படும் விளிம்பு மட்டும் பளபளவென்று மழுங்கியிருந்தது. மற்ற பலகையெல்லாம் சொரசொரப்பு.

கதவுப் பலகைகள்ல ஏதோ எழுத்து செதுக்கியிருக்கே, மந்திரமா?

எண்கள். தமிழ்நாட்டுப் பழைய மளிகைக் கடைகளில் பார்த்திருப்பீர்களே, அதே முறைதான். மேலும் கீழும் காடி வெட்டிய சட்டத்தில் நீளப் பலகைகளை ஒவ்வொன்றாகச் செருகி நகர்த்திக் கடையை அடைப்பார்கள். கையால் இழைத்த பலகை, ஒன்று போல் ஒன்று இருக்காது. வரிசை மாறினால் கடைசிப் பலகை உட்காராது. அதனால் எண். சீனர் கடையில் சீன எண் இருக்கும்.

இதெல்லாம் சீனர் கட்டடம்தானே? நமக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

கட்டிய முதலாளிகளிலும் தச்சர்களிலும் பெரும்பாலோர் சீனர். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இந்தச் சுவர்களுக்குள் நம் ஆட்களின் கையும் காலமும் நிறையவே இருக்கின்றன.

முதலில் சாந்து. சிங்கப்பூரில் 1873 வரை இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகளின் உழைப்பில்தான் பல பொதுக் கட்டடங்கள் எழுந்தன. 1860களின் தொடக்கத்தில் முடிந்த செயிண்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் உட்சுவரில் அவர்கள் பூசியது 'மெட்ராஸ் சுனாம்', அதாவது நம்ம ஊர்ச் சுண்ணாம்புப் பூச்சு. சங்குச் சுண்ணாம்பில் முட்டை வெள்ளையும் வெல்லமும் சேர்த்து, தேங்காய் மட்டை ஊறிய நீரில் குழைத்துப் பூசி, காய்ந்ததும் வழவழப்பான கல்லால் தேய்த்து மினுக்குவார்கள். செட்டிநாட்டு வீட்டுச் சுவரைக் கையால் தடவியவர்களுக்கு அந்த மினுக்கு எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது கிட்டங்கி. நகரத்தார் வெளியூர்ப் பட்டணங்களில் கடைவீடுகளை எடுத்து வட்டித் தொழில் நடத்தினார்கள். சிங்கப்பூரில் மார்க்கெட் ஸ்ட்ரீட், பினாங்கில் பினாங்கு ஸ்ட்ரீட் பக்கம். நீண்ட கூடத்தில் பக்கத்துக்குப் பக்கம் பெட்டியடிகள். ஒவ்வொருவருக்கும் ஒரு சாய்வுப் பெட்டி, ஒரு பாய், சுவரோரம் ஒரு அலமாரி. அவ்வளவுதான் ஒரு நிறுவனம். பெட்டியடிப் பையனாக வந்த சிறுவன் அடுத்தாளாகி, ஒருநாள் மேலாளாவான். இரவில் அதே கூடத்தில் பாய் விரித்துத் தூக்கம். ரப்பர் தோட்டம் வாங்கவும், ஈயம் தோண்டவும், கடைவீடே கட்டவும் வங்கிகள் எட்டிப் பார்க்காத இடங்களில் கடன் அங்கிருந்துதான் போனது. எனவே சீனர் கட்டிய சில வரிசைகளின் செங்கல்லில் செட்டியார் வட்டியும் கலந்திருக்கும். மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கிகளை நகர மறுவளர்ச்சிக்காக இடித்துவிட்டார்கள். பினாங்கு ஸ்ட்ரீட்டில் கோவில் வீடு இருக்கிறது. தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் புறப்படுவது அங்கிருந்துதான்.

இது போக, சின்னப் பட்டணங்களில் துணிக்கடை, மளிகை, முடிதிருத்தகம், நகைக்கடை, முனைக்கடையில் தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை. முனைக்கடைக்கு இரண்டு பக்கமும் அஞ்சடி கிடைக்கும், மேசை போட வசதி.

முகப்புல 1926ன்னு போட்டிருக்கு. அப்போ நூறு வயசுன்னு அடிச்சுச் சொல்லலாமா?

சொல்லலாம், ஆனால் முகப்பைப் பற்றி மட்டும். ரப்பர், ஈய விலை ஏறிய காலங்களில் கையில் பணம் வந்ததும் பழைய வீட்டின் முன்பக்கத்தை மட்டும் இடித்துப் புதுக் கோலத்தில் கட்டிக்கொண்டவர்கள் உண்டு. தெருவை அகலப்படுத்தியபோது முகப்பை இழந்து மறுபடி கட்டியவையும் உண்டு. சில இடங்களில் அந்த எண் கடை தொடங்கிய ஆண்டாக இருக்கும்.

அதனால் பின்பக்கம் போய்ப் பாருங்கள். சமையற்கட்டுச் சுவரில் பூச்சு உதிர்ந்த இடத்தில் செங்கல்லின் அளவும் சாந்தின் நிறமும் முன்பக்கத்தோடு ஒத்துப்போகிறதா? கூரை ஓடு எது? இரண்டும் ஒத்துப்போனால் 1926ஐ நம்பலாம்.

ஒண்ணு பூ வேலைப்பாடா இருக்கு, பக்கத்துல ஒண்ணு மொட்டையா இருக்கு. பார்த்தவுடனே வயசு சொல்ல வழி இருக்கா?

தோராயமாக உண்டு. தாழ்ந்த மாடி, அலங்காரம் இல்லாத தடித்த சுவர், மரப்பலகை ஜன்னல் என்றால் பழையது. சீனத்துக் கூரை முகடும், ஜன்னலுக்கு மேலே காற்றுத் துளைகளும் தெரிந்தால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியாக இருக்கலாம். மாடி முகப்பு முழுக்க ஆளுயர லூவர் ஜன்னல்கள், நடுவே ஐரோப்பியத் தூண்கள், பூ மாலைகள், வண்ண ஓடுகள் என்றால் 1900க்கு இப்பாலிருந்து 1930கள் வரை. நேர்க்கோடுகள், உச்சியில் கொடிக்கம்பம், கல்துகள் கலந்த சாம்பல் நிற ஷாங்காய்ப் பூச்சு என்றால் 1930களில் இங்கே பரவிய ஆர்ட் டெகோ பாணி.

கூரை ஓடுகளையும் பாருங்கள். பழைய கூரைகளில் வளைந்த சிறு ஓடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பார்கள். தட்டையாக, ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் சீமை ஓடு பிறகு வந்தது. மார்சேய் நகரத்து அச்சு அது. நம் ஊரில் மங்களூர் ஓடு என்று சொல்வதும் அதே குடும்பம்தான்.

பின்சுவர்ல தரையோட ஒட்டி ஒரு சின்னக் கதவு இருக்கே, நாய் போகவா?

வாளிக் கக்கூஸ் காலத்தது. மலம் அள்ளும் தொழிலாளி வீட்டுக்குள் வராமல் பின்சந்திலிருந்தே வாளியை எடுத்து மாற்ற அந்தத் துளை. பின்சந்து இல்லாத காலத்தில் வாளி கடை நடுவே போக வேண்டியிருந்தது. 1907இல் வெளிவந்த டாக்டர் சிம்சனின் அறிக்கை சிங்கப்பூர்க் கடைவீடுகளின் நெரிசலையும் காற்றில்லாத அறைகளையும் விவரமாகக் காட்டிப் பின்சந்துகளை வற்புறுத்தியது. பழைய வீட்டின் அழகைப் பேசும்போது அந்தத் துளை வழியே கை நீட்டி வேலை செய்தவர்களையும் நான் சொல்லாமல் விடுவதில்லை.

இவ்வளவு அருமையான கட்டடத்தை ஏன் பாழாக விட்டாங்க?

வாடகைக் கட்டுப்பாடு ஒரு பெரிய காரணம். 1948 ஜனவரி 31க்கு முன் கட்டியவற்றுக்கு வாடகையை ஏற்ற முடியாதபடி மலேசியாவில் 1966ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. ஏழைக் குடித்தனக்காரர்கள் தெருவுக்கு வராமல் காத்தது அந்தச் சட்டம்தான். ஆனால் கிடைக்கும் வாடகை ஓடு மாற்றக்கூடக் காணாது என்ற நிலையில் உடைமையாளர்கள் கைகழுவினார்கள். 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தோடு கட்டுப்பாடு முடிந்தது. வாடகை ஏறியது, இரண்டு மூன்று தலைமுறையாக இருந்த தையற்காரரும் தச்சரும் வெளியேறினார்கள். கட்டடம் பிழைத்த தெருக்களில் மனிதர்கள் போனார்கள். இரண்டில் எது பெரிய இழப்பு என்று கேட்டால் மனிதர்கள்தான் என்பேன்.

சில வீட்டுல ஜன்னலையெல்லாம் செங்கல் வெச்சு அடைச்சு, உள்ளே குருவி கத்துதே?

உழவாரன் குருவிக் கூட்டுக்காக. அந்தக் கூடு சீனச் சமையலில் விலை உயர்ந்த பொருள். பதிவு செய்த குருவிச் சத்தத்தை ஒலிபெருக்கியில் போட்டு, குகை மாதிரி இருட்டும் ஈரமும் ஏற்படுத்தி வைப்பார்கள். மரத் தரைக்கும் சுண்ணாம்புச் சுவருக்கும் அந்த ஈரம் விஷம். பினாங்கின் ஜார்ஜ்டவுன் பாரம்பரியப் பகுதியிலிருந்து இவற்றை அகற்றினார்கள். சின்னப் பட்டணங்களில் இன்னும் பார்க்கலாம்.

எங்க கடைச் சுவர் அடியில ஓதம் ஏறிப் பொரிஞ்சு போச்சு. சிமெண்ட் பூசினேன், ஒரு வருஷத்துல மறுபடியும் வந்துடுச்சு. என்ன பண்றது?

அதிகமாக வரும் கேள்வி இது. இந்தச் சுவர்களுக்கு அடியில் ஈரத்தைத் தடுக்கும் படலம் கிடையாது. தரையிலிருந்து ஈரம் ஏறும், சுண்ணாம்புப் பூச்சின் நுண்துளைகள் வழியே ஆவியாகிப் போகும். சுவர் மூச்சு விடுகிறது என்று கொத்தனார்கள் சொல்வது இதைத்தான். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியே வர வழியில்லை. இன்னும் மேலே ஏறும். சிமெண்ட் முடியும் இடத்துக்குச் சற்று மேலே உப்புப் பூக்கும். கொஞ்ச நாளில் சிமெண்டே செங்கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு தகடாக விழும். எங்கள் குடும்பக் கடையிலும் இதே தப்பு நடந்தது. ஒரு ஒப்பந்தக்காரர் ஐந்தடி உயரத்துக்குச் சிமெண்ட் பூசிக் கொடுத்தார். இரண்டாம் வருடம் ஆறடியில் உப்பு.

முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். உடைந்த மழைநீர்க் குழாய், அடைபட்ட முற்றத்துச் சாக்கடை, அஞ்சடியைச் சிமெண்ட் போட்டு உயர்த்தியது, இந்த மூன்றில் ஒன்றாவது இருக்கும். அதைச் சரி செய்யுங்கள். பிறகு சிமெண்டைப் பொறுமையாகக் கொத்தி எடுத்து, சுவரைக் காய விட்டு, உப்பை உறிஞ்ச ஈரக் காகிதக்கூழ் அப்பி எடுத்து, சுண்ணாம்புச் சாந்து பூசிச் சுண்ணாம்பே அடியுங்கள். பிளாஸ்டிக் பெயிண்ட் வேண்டாம், அதுவும் மூச்சை அடைக்கும். இருப்பது சுண்ணாம்பா சிமெண்டா என்று தெரியவில்லையா? ஆணியால் கீறுங்கள். சுண்ணாம்பு வெள்ளைப் பொடியாக உதிரும், சிமெண்ட் சாம்பல் நிறத்தில் ஆணியை வழுக்கும்.

பக்கத்து வீட்டுக்காரர் இடிச்சுக் கட்டினா எனக்கென்ன?

உங்கள் வீட்டுச் சுவர் பொதுச் சுவர். அவர் உத்தரங்களும் அதில்தான் செருகியிருக்கின்றன. அவற்றைப் பிடுங்கினால் சுவரில் வரிசையாகக் குழிகள். இதுவரை உள்சுவராக இருந்தது இனி மழை படும் வெளிச்சுவர். இடிப்பதற்கு முன்பே பொறியாளரை வைத்து உங்கள் சுவரின் விரிசல்களைத் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். பிறகு பேச அது உதவும்.

இடித்த மனைகளின் ஓரச் சுவரைக் கவனித்திருக்கிறீர்களா? படிக்கட்டு இருந்த இடம் படிப்படியாக ஏறும் அழுக்குக் கோடாகத் தெரியும். மேலே ஒரு அறை நீலச் சுண்ணாம்பு, அடுத்தது பச்சை. சாமிப்படம் மாட்டியிருந்த இடம் மட்டும் வெளிறிய சதுரம்.

முகப்பை மட்டும் வெச்சுக்கிட்டு உள்ளே எல்லாத்தையும் இடிக்கலாமா?

2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஜார்ஜ்டவுன், மலாக்கா பகுதிகளில் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு, ஊராட்சி மன்றத்தைக் கேட்காமல் ஆணி அடிக்கக் கூடாது. 2005ஆம் ஆண்டின் தேசியப் பாரம்பரியச் சட்டத்தில் பதிவான கட்டடங்களுக்கும் பாதுகாப்பு உண்டு. சின்னப் பட்டணத்துக் கடைவீடுகளில் மிகப் பல எந்தப் பட்டியலிலும் இல்லை. அங்கே உடைமையாளரின் மனசுதான் சட்டம்.

என்னைக் கேட்டால் வேண்டாம். முற்றமும் உத்தரமும் மூச்சு விடும் சுவரும் சேர்ந்துதான் கடைவீடு. முகப்பு அதன் சட்டை. உள்ளே குளிர்சாதனப் பெட்டிகளை அடுக்கிய கான்கிரீட் அறையை வைத்துவிட்டு வெளியே 1926 என்ற எண்ணை மட்டும் காப்பாற்றுவதில் எனக்கு நிறைவில்லை. குறைந்தபட்சம் முதல் முற்றம் வரையாவது விட்டு வையுங்கள்.

எங்க தாத்தா இங்கே கடை வெச்சிருந்தாராம். எந்த வீடுன்னு கண்டுபிடிக்க முடியுமா?

பல சமயம் முடியும். கதவு எண்ணை நம்பாதீர்கள், தெருப் பெயரும் எண்ணும் மாறியிருக்கும். நிலப் பட்டாவில் உள்ள லாட் எண் பெரும்பாலும் மாறாது. தாத்தா பெயரில் கெரான் (நில உரிமைப் பத்திரம்) எதுவும் இல்லை, வாடகைக்கு இருந்தார் என்றால் ரசீதுப் புத்தகம், கடை முத்திரை, ஊருக்கு அனுப்பிய கடிதத்தின் தலைப்பு, கல்யாணப் பத்திரிகை இவற்றைத் தேடுங்கள்.

பழைய படம் ஒன்று இருந்தால் இன்னும் நல்லது. ஆட்களைப் பார்க்காதீர்கள், பின்னால் பாருங்கள். தூணின் தலைப்பகுதி, காற்றுத் துளையின் வடிவம், அஞ்சடித் தரையோட்டின் கோலம். முன்பு சொன்ன மாதிரி ஒரு வரிசைக்கு ஒரு அச்சுதான், அதனால் வரிசை முதலில் கிடைத்துவிடும். சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு அம்மாவோடு தைப்பிங்கில் அரைநாள் அப்படி நடந்தோம். படத்தில் அவருடைய அப்பா நின்ற தூணுக்குக் கீழே நட்சத்திரம் மாதிரி ஓடு. ஐந்தாவது தெருவில் அதே நட்சத்திரம் கிடைத்தது. இப்போது அங்கே கைப்பேசிக் கடை. கடைக்காரப் பையன் நாற்காலியை எடுத்து அஞ்சடியில் போட்டு, 'உட்காருங்க ஆன்ட்டி' என்றான். அவர் உட்காரவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.